தஞ்சாவூர்க் காருக்கு ஹீட்டர் எதற்கு?

சென்ற செவ்வாய்க்கிழமை, கார்த்திகை மழையில், கோரையாற்றுப் பாலத்தின் ஏற்றத்தில், என் காரின் திறந்த பானெட்டுக்கு மேல் ஒருவர் குடை பிடித்துக்கொண்டு நின்றார். பத்து வருஷத்துக்கும் மேலாக எங்கள் குடும்பத்தோடு நில வழக்கு நடத்திக்கொண்டிருப்பவர்!

நம்ப முடியவில்லையா? எனக்கும்தான்.

முதலில் காரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பக்கத்தை வாரா வாரம் படிக்கிறவர்களுக்கு என் கார் பழக்கம்தான். செகண்ட் ஹாண்டில் வாங்கியபோது எழுதினேன். வாங்கிய வாரமே வீட்டு கேட்டில் இடித்தபோது எழுதினேன். கோடையில் ஏ.சி. செத்துப்போனபோது ஒரு இரங்கற்பா மாதிரியே எழுதினேன். அந்த ஏ.சி. இன்றுவரை உயிர்த்தெழவில்லை. அது தனிக் கதை.

போன மாதம் இன்ஜினுக்குத் தண்ணீர் போகிற ரப்பர் ஹோஸ் ஒன்று வெடித்து ஒழுக ஆரம்பித்தது. வொர்க்‌ஷாப்பில் மாற்றிக் கொடுத்தார்கள். வண்டியை எடுத்துக்கொண்டு வரும் வழியிலேயே ஒன்றைக் கவனித்தேன். ஹீட்டரைப் போட்டால் சில்லென்று காற்று வருகிறது. திரும்பிப் போய்ச் சொன்னேன்.

"தஞ்சாவூர்க் காருக்கு ஹீட்டர் எதுக்கு மேடம்? கண்ணாடியை இறக்கி விடுங்க, அதை விட சூடா வரும்" என்றார் மெக்கானிக்.

அங்கே நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது.

சரி, வழக்குக்கு வருவோம்.

திருத்துறைப்பூண்டிக்கு இந்தப் பக்கம் எங்கள் கிராமம். பெயர் வேண்டாமே. அங்கே ஒன்பது மா நிலம். மூன்று ஏக்கர் என்று சொன்னால் மற்ற ஜில்லாக்காரர்களுக்குப் புரியும். அப்பா அதில் முதலில் கூலிக்கு இறங்கினார். பிறகு குத்தகைக்குச் சாகுபடி செய்தார். அப்பாவுக்குப் பிறகு தம்பி மதியழகன் செய்கிறான். நிலம் சௌந்தரராஜன் சாருடையது. பேங்க்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இப்போது தஞ்சாவூரில் இருக்கிறார். மகள் சிங்கப்பூரில்.

என் அப்பா அவருடைய அப்பாவை 'அய்யா' என்றுதான் கூப்பிடுவார். கைகட்டி, துண்டை இடுப்புக்கு இறக்கி. நான் இவரைச் 'சார்' என்கிறேன். 'அய்யா'விலிருந்து 'சார்' வரைக்கும் வந்து சேர எத்தனை கூட்டங்கள், எத்தனை கொடிகள், எத்தனை ஆட்சிகள்! எனக்கு எழிலரசி என்று பெயர் வைத்ததே அப்பா ஒரு கட்சிக் கூட்டத்துக்குப் போய்விட்டு வந்த மறுநாள்தான். நான் பிறந்தது நடவு நேரமாம். அந்த நேரத்திலும் அவருக்குக் கூட்டம் கேட்க நேரம் இருந்திருக்கிறது.

குத்தகைக்காரனாகத் தன் பெயரைப் பதிவு செய்யச் சொல்லி தம்பி விண்ணப்பம் போட்டான். பெயர் பதிவாகிவிட்டால் யாரும் அவனை லேசில் வயலைவிட்டு இறக்க முடியாது. சௌந்தரராஜன் சார் ஆட்சேபணை போட்டார். "நானே கூலி ஆட்களை வைத்துச் சாகுபடி செய்கிறேன், மதியழகன் என் ஆட்களில் ஒருவன், அவ்வளவுதான்" என்று. அப்புறம் என்ன… வாய்தா, மேல்முறையீடு, மறு விசாரணை. எங்கள் வக்கீலின் தலை நரைத்தது. அவர் வக்கீலுக்குத் தலையே இல்லை, அதாவது முடி.

கடைசியில் ஒரு தாசில்தார் வந்தார். "நானே வயலுக்கு வந்து பார்க்கிறேன். இரண்டு தரப்பும் செவ்வாய்க்கிழமை மதியம் அங்கே இருக்கணும். வராத தரப்புக்கு இனிமே வாய்தா கிடையாது" என்று சொல்லிவிட்டார்.

அதிகாரிகள் முன்னால் தம்பிக்கு வாய் வராது. அவனுக்காகப் பேசத்தான் கல்லூரிக்கு லீவு போட்டுவிட்டு அந்த மழையில் கிளம்பினேன்.

மன்னார்குடி சாலையில், தஞ்சாவூர் எல்லை தாண்டுகிற பஸ் ஸ்டாப்பில், ஒரு கறுப்புக் குடை. கீழே வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. காற்று குடையை ஒரு பக்கம் இழுக்கிறது. அவர் மறு பக்கம் இழுக்கிறார். சௌந்தரராஜன் சார்!

அன்றைக்கு வழியெல்லாம் மறியல். வடிகால் வாய்க்காலைத் தூர் வாராததால் வயலெல்லாம் முழுகிக் கிடக்கிறது என்று விவசாயிகள் சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். பஸ் எதுவும் போகவில்லை. இது எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது என்பது நின்ற விதத்திலேயே தெரிந்தது.

போய்விடலாமா? அவர் வராவிட்டால் யாருக்கு லாபம்? எங்களுக்குத்தானே?

கால் பிரேக்கின் மேல் போய்விட்டது. நான் யோசித்து முடிப்பதற்குள் கார் நின்றும் விட்டது. கண்ணாடியை இறக்கினேன்.

"சார், பஸ் வராது. மறியல். ஏறுங்க."

குனிந்து பார்த்தார். என்னைத் தெரிந்ததும் முகம் ஒரு மாதிரி ஆனது.

"பரவாயில்லீங்க… நான் ஆட்டோ ஏதாவது…"

"அறுபது கிலோ மீட்டருக்கு ஆட்டோவா? ஏறுங்க சார். உள்ளார வழக்கு பேச வேணாம், அவ்வளவுதானே?"

ஏறினார். முன் சீட்டில்தான். பின் சீட்டில் உட்கார்ந்தால் நான் டிரைவர் ஆகிவிடுவேனே என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். அந்த ஒரு விஷயத்துக்காக அவர்மேல் எனக்குக் கொஞ்சம் மரியாதை வந்தது. மறைப்பானேன்?

மன்னார்குடிக்கு முன்னால் மெயின் ரோட்டை விட்டு உள் ரோட்டில் திரும்பினேன். வரப்பை விடக் கொஞ்சம் அகலமான ரோடு. இரண்டு பக்கமும் பயிர் முழுகி நுனி மட்டும் தெரிகிறது. மழையோ சாட்டையால் அடிக்கிற மாதிரி அடிக்கிறது. அப்போதுதான் பிரச்சினை ஆரம்பித்தது.

நனைந்த இரண்டு பேர் மூச்சு விட்டால் மூடிய காரில் என்ன ஆகும்? முன் கண்ணாடி முழுக்க ஆவி. ரோடு இல்லை, மரம் இல்லை, எதிரே வருவது மாடா மினி பஸ்ஸா தெரியவில்லை. வைப்பர் வெளியே துடைக்கிறது. ஆவி உள்ளே இருக்கிறது. ஏ.சி. இருந்தால் ஒரு நொடியில் போய்விடும். அது இல்லை. சூடான காற்றை ஊதினாலும் போகும். ஹீட்டரை முழுசாகத் திருப்பினேன். சில்லென்று ஊதியது. ஆவி இன்னும் கெட்டியானதுதான் மிச்சம்.

தஞ்சாவூர்க் காருக்கு ஹீட்டர் எதற்கு? இதற்குத்தான் ஐயா, இதற்குத்தான்!

சார் கைக்குட்டையை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். என் பக்கம் ஒரு வட்டம், அவர் பக்கம் ஒரு வட்டம். துடைத்த அடுத்த நிமிஷம் மூடிக்கொள்கிறது. கைக்குட்டை பிழிகிற பதத்துக்கு வந்ததும் துண்டு. பேச்சில்லாமலே கொஞ்ச தூரம் போனோம். எவ்வளவு நேரம்தான் இரண்டு மனிதர்கள் பேசாமல் கண்ணாடி துடைப்பது? அவர் மெல்ல வாயைத் திறந்தார்.

"மழை இப்படிப் பேயுதே… பயிர் தாங்குமா? மதி என்ன போட்டிருக்கான், பொன்னியா, சி.ஆரா?"

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

அவருக்கும் அந்த நொடியே புரிந்துவிட்டது. துடைத்துக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. தானே சாகுபடி செய்வதாகப் பத்து வருஷமாகச் சத்தியம் செய்கிற மனுஷன், தன் வயலில் என்ன நெல் நிற்கிறது என்று எதிராளியிடம் கேட்டுவிட்டார்!

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. டேஷ்போர்டுக்குப் பின்னால் யாரோ சொம்புத் தண்ணீரை அண்ணாந்து குடிப்பதுபோல… களுக்… களுக்… களுக்…

"அது என்ன சத்தம்?" என்றார் அவசரமாக. பேச்சை மாற்ற ஒரு வழி கிடைத்த நிம்மதி குரலில் அப்படியே தெரிந்தது.

சத்தத்தைத் தேடிய கண் மீட்டரில் போய் விழுந்தது. சூடு காட்டுகிற முள் பாதியைத் தாண்டி மேலே போய்க்கொண்டிருந்தது. வண்டியை ஓரங்கட்டி இன்ஜினை அணைத்தேன். அந்தக் கோபத்தில் ஹீட்டர் குமிழையும் படாரென்று திருப்பி விட்டேன்.

ஃபோனை எடுத்தேன். சிக்னல் இல்லை. மெக்கானிக் இல்லை. சுற்றிலும் தண்ணீர். தாசில்தார் வருகிற நேரம் நெருங்குகிறது. தம்பி வரப்பில் குடையோடு வழி பார்த்துக்கொண்டு நிற்பான். நான் போகாவிட்டால்? பெயர் பதிவாகாமல் அவன் இன்னும் எத்தனை வருஷம் அடுத்தவர் வயலில் நிற்கிற மாதிரியே நிற்பது? அப்பா நின்றது போதாதா?

யோசி, எழில், யோசி. இருபத்தைந்து வருஷம் பிசிக்ஸ் பாடம் எடுத்தாயே…

இன்ஜின் சூடேறுகிறது. அதே இன்ஜினின் வெந்நீர்தான் டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கிற ஒரு சின்ன ரேடியேட்டருக்குள் ஓடுகிறது. அதன் மேல் ஃபேன் ஊதினால் அதுதான் ஹீட்டர். வேறு மந்திரம் ஒன்றும் இல்லை. இன்ஜின் கொதிக்கிறது, ஹீட்டர் ஜில்லென்று இருக்கிறது என்றால்? வெந்நீர் அங்கே போய்ச் சேரவில்லை. ஏன் சேரவில்லை? நடுவில் எதுவோ வழியை மறிக்கிறது. களுக் களுக் என்று சத்தம் போடுகிற எதுவோ.

"ஏர் புடிச்சிருக்கு" என்றார் சார்.

திரும்பிப் பார்த்தேன்.

"பம்பு செட்ல பைப்புக்குள்ள காத்து நின்னுடுச்சுன்னா மோட்டார் ஓடும், தண்ணி வராது. இதே சத்தம்தான் போடும். சின்ன வயசுல எங்க போர் கொட்டாயில பாத்திருக்கேன்."

"அதேதான் சார்!" என்று ஸ்டியரிங்கில் ஓங்கித் தட்டினேன். ஹார்ன் அடித்துவிட்டது. இரண்டு பேரும் துள்ளினோம்.

ஹோஸ் மாற்றியபோது தண்ணீரை ஊற்றி மூடியிருக்கிறார்கள். உள்ளே போன காற்றை வெளியே விடவில்லை. அது ஹீட்டர் குழாயில் போய்க் குந்திக்கொண்டது. இப்போது அதை வெளியேற்ற வேண்டும். எப்படி? காற்று எப்போதும் மேட்டைத் தேடித்தான் போகும். இன்ஜினுக்குத் தண்ணீர் ஊற்றுகிற ரேடியேட்டர் வாய் காரின் மூக்கில் இருக்கிறது. மூக்கு மேலே தூக்கி நிற்கிற மாதிரி காரை நிறுத்தினால், அந்த வாய்தான் உச்சி. அதைத் திறந்து வைத்தால் காற்று அந்த வழியாகத்தான் வந்தாக வேண்டும்.

ரொம்ப எளிது. ஒரு மேடு வேண்டும், அவ்வளவுதான்.

மேடா? எங்கள் ஜில்லாவிலா?

பள்ளிக்கூடத்தில் மேப் வரையச் சொன்னால் மலை நிறத்துக்கு வாங்கின பென்சிலைச் சீவவே தேவையில்லாத ஊர் இது. கோலிக்குண்டை வைத்தால் வைத்த இடத்தில் இருக்கும். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு முதல் மலை திருச்சியில்தான்.

"மேடுன்னா… ஆத்துப் பாலம்தான்" என்றார் சார். "கோரையாறு பக்கத்துலதான் இருக்கணும். பாலத்துக்கு ஏர்ற எடம் நல்ல ஏத்தமா இருக்கும்."

முள் கொஞ்சம் இறங்கும்வரை காத்திருந்து, ஆமை வேகத்தில் நகர்த்தினேன். கண்ணாடியில் ஒன்றும் தெரியவில்லை. சார் தன் பக்கத்து ஜன்னலை இறக்கி, தலையை மழைக்குள் நீட்டினார்.

"நேரா வாங்க… நேரா… ரைட்ல ஒடிக்காதீங்க, வாய்க்கா இருக்கு! லெப்ட்… லெப்டு… ஆடு, ஆடு, ஆடு!"

ஆடு தப்பித்தது. நாங்களும் தப்பித்துப் பாலத்து ஏற்றத்தில் ஏறி நின்றோம். ஹாண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரத்துக்குக் கல் வைத்தோம். கார் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது.

உடனே மூடியைத் திறக்க முடியாது. கொதிக்கிற ரேடியேட்டரைத் திறந்தால் முகம் வெந்துவிடும். படிக்கிற யாரும் தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஆறும்வரை காத்திருக்கத்தான் வேண்டும். பாலத்தடியில் ஒரு டீக்கடை. இருவரும் போய் ஒதுங்கினோம்.

டீ வந்தது. சார் கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சூடு காய்ந்தார்.

"வழக்கு பேச வேணாம்னு சொன்னீங்க" என்றார்.

"பேச வேணாம்."

"ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். பேரு பதிய மனு போடறதுக்கு முன்னாடி மதி எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா என்ன செஞ்சிருப்பீங்க சார்?"

யோசித்தார். நேர்மையாகவே யோசித்தார் என்றுதான் நினைக்கிறேன்.

"அடுத்த நாளே மதியை இறக்கிட்டு ஆளுவச்சு வயலை உழுதிருப்பேன்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும். டீ சட்டையில் சிந்தியது.

கொஞ்ச நேரம் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் திடீரென்று சொன்னார்: "கூலி ஒசத்திக் கேட்டு எல்லாரும் கொடியோட எங்க வீட்டு வாசல்ல வந்து நின்னாங்களே, ஞாபகம் இருக்கா? நீங்க ரொம்ப சின்னப் புள்ள."

"அப்பா தோள்ல இருந்தேன்."

"எங்க வீட்ல அன்னைக்கு யாரும் சாப்பிடலை. கதவைச் சாத்திக்கிட்டு உள்ள உக்காந்திருந்தோம். அவ்வளவு பயம்."

"எங்க வீட்லயும் யாரும் சாப்பிடலை சார்."

"நீங்க ஏன்?"

"பயம்தான்."

"யாரைப் பாத்து?"

"உங்களைப் பாத்துத்தான்."

அவர் காலி கிளாஸை வெகு நேரம் கையில் உருட்டிக்கொண்டே இருந்தார்.

மழை தூறலானது. ரேடியேட்டர் தொடுகிற சூட்டுக்கு வந்திருந்தது. உள்ளே ஊற்றத் தண்ணீர் வேண்டும். டிக்கியில் பாதி கேன் கூலன்ட், அதாவது ரேடியேட்டருக்கு ஊற்றுகிற பச்சைத் தண்ணீர், கிடந்தது. அது போதாது.

"கீழ ஆறு போவுது. ஒரு வாளி மொண்டா ஆச்சு" என்றார் சார்.

"வண்டல் சார். வயலுக்கு நல்லது. இன்ஜினுக்கு ஆகாது."

டீக்கடைக்கு ஓடிப்போய் வாட்டர் பாட்டில்களை அணைத்துக்கொண்டு வந்தார். ஒரு கையில் குடையை விரித்து பானெட்டுக்கு மேல் பிடித்தார். துணியை வைத்து மூடியைத் திறந்தேன். உஸ்… என்று ஒரு பெருமூச்சு. கூலன்ட்டை ஊற்றினேன். வாய் வரை நிறைந்தது. இன்ஜினை ஸ்டார்ட் செய்தேன். மேல் ஹோஸைத் துண்டால் சுற்றி அமுக்கினேன், விட்டேன், அமுக்கினேன்… பசு மாட்டில் பால் கறக்கிற மாதிரிதான். இரண்டு மூன்று குமிழி வந்தது. பச்சைத் தண்ணீரில் பட்டாணி மாதிரி.

அப்புறம் ஒன்றும் இல்லை.

பைக்கில் போன ஒருவர் நின்று பார்த்தார். "என்ன சார், வண்டி மக்கரா?"

"காத்து எடுக்கிறோம்" என்றார் சார், பெருமையாக.

"டயர்லயா?"

"இஞ்சின்ல!"

அவர் எங்களை ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் கிளம்பிப் போனார்.

அமுக்கி அமுக்கிக் கை வலித்ததுதான் மிச்சம். தண்ணீர் மட்டம் அசையவே இல்லை. நான் போட்ட கணக்கு தப்பா? வேறு கோளாறா? நேரம் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு அழுகையே வந்துவிடும்போல் இருந்தது.

"சார், உள்ளார உக்காந்து காத்து சூடா வருதான்னு பாருங்க."

குடையை மடக்கிவிட்டு உட்கார்ந்தார். "சில்லுனுதான் வருது… இந்தத் திருகு நீலத்துல நிக்குதே, அப்படித்தான் இருக்கணுமா?"

நீலத்திலா? எனக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. கோபத்தில் நான் திருப்பிய குமிழ்! அது நீலத்தில் இருந்தால் ஹீட்டருக்குத் தண்ணீர் போகிற வழியே அடைப்பு. அடைத்த வழியில் காற்று எப்படி வெளியே வரும்?

"சார், சிவப்பு! சிவப்புப் பக்கம் திருப்புங்க! முழுசா!"

"சிவப்பா?" ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். "எங்க குடும்பத்துல யாரும் அந்தப் பக்கம் திரும்புனதில்லையே?"

"இன்னைக்கு ஒரு நாள் திருப்புங்க சார்!"

திருப்பினார்.

மடக்!

வாய் வரை நின்ற தண்ணீரை ரேடியேட்டர் ஒரே மடக்கில் விழுங்கியது. நான் பாட்டிலைக் கவிழ்த்தேன். இன்னொரு மடக்! ஹோஸை அமுக்கினேன். களுக், புளுக், பளக் என்று காற்று கூட்டம் கூட்டமாகக் கிளம்பி வந்தது. சார் இறங்கி ஓடி வந்து குனிந்து பார்த்தார். பார்த்திருக்கக் கூடாது. கடைசிக் குமிழி பந்து மாதிரி எழும்பி வெடித்தது. பச்சைத் தண்ணீர் அவருடைய வெள்ளைச் சட்டையில் காலரிலிருந்து பொத்தான் வரை கோலம் போட்டது.

நான் பயந்து பார்த்தேன். அவர் சட்டையைப் பார்க்கவே இல்லை.

"ஊத்துங்க, ஊத்துங்க, இன்னும் குடிக்கிது!"

ஊற்றினோம். குடித்தது. ஊற்றினோம். போதும் என்று நின்றது. குமிழி நின்றுவிட்டது. ஹோஸ் கை வைக்க முடியாதபடி சூடானது. முன்னால் இருந்த ஃபேன் விர்ரென்று தானே சுற்ற ஆரம்பித்தது. மூடியைத் திருகி மூடினேன். ஓடிப்போய் உள்ளே உட்கார்ந்து காற்று வருகிற வாயில் கையை நீட்டினேன்.

சூடு!

நெல் அவிக்கிற அண்டாவைத் திறந்தால் வருமே, அப்படி ஒரு சூடு. முன் கண்ணாடியில் கீழ் விளிம்பிலிருந்து ஆவி விலக ஆரம்பித்தது. முதலில் பாலத்தின் கைப்பிடிச் சுவர் தெரிந்தது. பிறகு ஆறு. பிறகு அக்கரைத் தென்னை. கடைசியாக ரோடு. வெள்ளிக்கிழமை கழுவிவிட்ட வீட்டுத் தரை மாதிரி அவ்வளவு சுத்தமாக, ரோடு!

நான் கைதட்டினேன். சாரும் தட்டினார். ஹீட்டர் வேலை செய்ததற்காகக் காவிரிப் படுகையில் இதுவரை யாராவது கைதட்டியிருப்பார்களா? நாங்கள்தான் முதல் என்று தைரியமாகச் சொல்வேன்.

களுக் சத்தம் இல்லை. முள் பாதிக்குக் கீழே, வைத்த இடத்தில் நின்றது. சாரின் சட்டை ஹீட்டர் காற்றில் காய்ந்துகொண்டே வந்தது. சாலை முழுக்கத் தெரிந்தது. ஆடு, மாடு, மினி பஸ் எல்லாமே தெரிந்தன. எனக்கு ஒரு விமானம் ஓட்டுகிற நினைப்பு.

வயலோரம் போய் நிறுத்தினேன். தம்பி மதி குடையோடு ஓடிவந்தான். என் பக்கத்துக் கதவு திறந்தது. மறுபக்கத்துக் கதவும் திறந்தது. பச்சைச் சட்டையோடு இறங்கிய ஆளைப் பார்த்து மதி அப்படியே நின்றுவிட்டான்.

"அக்கா… இவரு…?"

"அப்புறம் சொல்றேன்டா."

தாசில்தார் வந்திருந்தார். இளம் பெண். சுடிதாரும் ரப்பர் பூட்ஸுமாக வரப்பில் நின்றார். இரண்டு தரப்பு வக்கீல்களும் மறியலில் மாட்டிக்கொண்டு வரவில்லை. தெய்வச் செயல் என்று எழுத வந்தேன். அப்பா பகுத்தறிவுக்காரர், இருந்திருந்தால் கோபித்துக்கொள்வார். தற்செயல் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

"சௌந்தரராஜன் நீங்கதானே? நீங்களே சாகுபடி செய்றதா சொல்லியிருக்கீங்க" என்று ஆரம்பித்தார் தாசில்தார்.

என் மனசுக்குள் ஒரு கேள்வி தயாராக நின்றது. 'வயலில் நிற்பது என்ன ரகம் என்று இவரைக் கேளுங்கள் மேடம்.' அவ்வளவுதான். ஒரே கேள்வியில் வழக்கு முடிந்துவிடும். பத்து வருஷம்! அப்பாவின் பெயர் ஏறாத ரிஜிஸ்தரில் தம்பியின் பெயர் ஏறிவிடும்.

ஆனால் அவரைக் காரில் ஏறச் சொன்னது நான். என் காரில் உட்கார்ந்திருந்தபோது அவர் வாய் தவறியதைப் பொறுக்கிக்கொண்டு வந்து, இங்கே வரப்பில் வைத்து அவரை வெட்டுவதா? வெட்டாவிட்டால் தம்பிக்கு நான் என்ன பதில் சொல்வேன்? வாய் வரை வந்தது.

நான் முடிவு செய்வதற்குள் அவர் பேசிவிட்டார்.

"இல்லம்மா. நான் செய்யலை. நட்டது, களை எடுத்தது, தண்ணி கட்டுனது எல்லாம் மதிதான். அவங்க அப்பா காலத்துலேர்ந்து அவங்கதான். இதுல என்ன ரகம் நிக்கிதுன்னுகூட எனக்குத் தெரியாது. வரும்போது இவங்ககிட்ட கேட்டேன். இவங்க சொல்லலை."

என்னைக் காட்டித்தான் சொன்னார். தாசில்தார் என்னைப் பார்த்தார். நான் பயிரைப் பார்த்தேன்.

"அப்ப உங்க ஆட்சேபணை?"

"வாபஸ் வாங்கிக்கறேன். எங்க கையெழுத்துப் போடணும்?"

அவர் மனம் எங்கே மாறியது? டீக்கடையிலா, பாலத்திலா, முழுகிக் கிடந்த வயலைப் பார்த்த பிறகா? அந்த வயலை மனை போட வாங்குவதாக இருந்த பார்ட்டி இந்த வெள்ளத்தைப் பார்த்து ஓடிப்போய்விட்டதாக மதி பிற்பாடு சொன்னான். அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். இருக்கட்டுமே! மனுஷனின் நல்ல காரியத்துக்கு ஒரே ஒரு காரணம்தான் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது? கோர்ட்டில்தான் எல்லாவற்றுக்கும் காரணம் கேட்பார்கள். வாழ்க்கையில் நல்லது நடந்தால் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

தாசில்தார் அங்கேயே எழுதி, உரக்கப் படித்துக் காட்டினார். சாகுபடிக் குத்தகைதாரர் மதியழகன் என்று அவர் வாயால் படித்தபோது, என் தம்பி — ஐம்பது வயது மனுஷன் — முகத்தைத் திருப்பிக்கொண்டு வாய்க்கால் பக்கம் போனான். மழையில் முகம் நனைந்திருந்ததால் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது.

திரும்பி வந்தவன் கொஞ்ச நேரம் தவித்தான். பிறகு சொன்னான்: "சார்… மணி ரெண்டாவுது. சாப்பிட்டுட்டுப் போங்க."

அந்தக் குடும்பத்தில் யாரும் இதுவரை எங்கள் வீட்டில் கை நனைத்ததில்லை. அவருடைய அப்பா எங்கள் தெருவுக்குள்ளேயே வந்ததில்லை. அவர் என்னைப் பார்த்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. இது என் கார் இல்லை, ஏறுங்க என்று சொல்வதற்கு.

"கை கழுவ எங்க?" என்றார்.

மதியின் மனைவி இலை போட்டாள். மழைக்கு வாய்க்காலில் ஏறி வந்த விரால் மீன், காலையில்தான் பிடித்தது. குழம்புச் சட்டியில் கரண்டியை வைத்துக்கொண்டு தயங்கி நின்றாள். விருந்தாளிக்கு நடுத்துண்டு, வீட்டு ஆளுக்குத் தலை, அதுதான் எங்கள் பக்கத்து வழக்கம்.

"நடுத்துண்டு வைக்கட்டுங்களா?"

சார் இலையைக் கொஞ்சம் முன்னால் இழுத்துக்கொண்டார்.

"தலையை வையிம்மா."